எண்ணெய் குடித்த தொட்டி

தெப்ராவ் பக்கத்தில் அந்தத் தாமான் குடியிருப்பில் செல்லத்தைத் தெரியாதவர் கிடையாது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் அவள் வீட்டு வாசலுக்குத்தான் போவார்கள். தண்ணீர் வெட்டு என்றாலும் அங்கேதான் வாளியோடு நிற்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டு மாடியில் நடக்கிற கூத்து மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் சும்மா விட்டிருப்பார்களா? கோயில் திருவிழா வரைக்கும் அதையே மென்றிருப்பார்கள்.

மாடியில் ஒரு குளியல் தொட்டி. இரும்பால் செய்து மேலே எனாமல் பூசிய, ரோஸ் கலரில் நீளமான தொட்டி. வீட்டை விற்ற சீனர் விட்டுவிட்டுப் போனது. அதை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு செல்லத்தின் வீட்டுக்காரர் காளிதாஸ் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “இத வச்சு என்னா பண்றது? நாம என்ன எருமையா வளக்கிறோம்?” என்று கேட்டார்.

எருமை வளர்க்கவில்லை. போர்வை ஊறப் போட்டார்கள். தண்ணீர் வெட்டு அறிவித்தால் நிரப்பி வைத்துத் தெருவுக்கே ஊற்றினார்கள். மெர்சிங்கிலிருந்து ஒரு கூட்டாளி உயிரோடு கொண்டுவந்து கொடுத்த கொடுவா மீன் கூட அதில் ஒரு நாள் நீந்தியது. அது முடிந்து செல்லம் தொட்டியைத் தேய்த்துக் கழுவியதில் அவளுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது.

செல்லத்துக்கும் குளியலுக்கும் உள்ள கதை பெரிய கதை. பிறந்தது பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்தில். தொழிலாளர் லயத்துப் பொதுக் குழாயடியில், கைலியை மாரோடு கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க நாலு செம்பு ஊற்றிக்கொள்வதுதான் குளியல். பின்னால் நிற்கிறவள், “சீக்கிரம்டி, தண்ணி நின்னுரும்!” என்பாள். எலக்ட்ரானிக் கம்பெனி வேலைக்கு வந்தபோது ஹாஸ்டலில் கதவு இருந்தது, ஆனால் அதைத் தட்ட இருபது பெண்கள் இருந்தார்கள். கல்யாணமாகி வந்தால், மாமியார் வீட்டில் தகர மறைப்புக்கு வெளியே மாமனார் இருமிக்கொண்டே நிற்பார். யாரும் விரட்டாமல் குளிப்பது என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பாவம், எப்படித் தெரியும்?

இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தாள். காளிதாஸ் கன்டெய்னர் லோரி எடுத்துக்கொண்டு போயிருந்தார். மகள் ஷாமளா பள்ளிக்கூடத்தில். தலைக்கு நல்லெண்ணெய் வைத்தாயிற்று. நிற்கக் காலில் தெம்பில்லை. சரி, போகட்டும் என்று தொட்டியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். சுடுதண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அடியாத்தே! இதுக்குப் பேருதான் குளியலா? அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் வெள்ளிக்கிழமை என்றால் தொட்டி, எண்ணெய், சீயக்காய். கதவைத் தட்ட ஆள் கிடையாது. இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான், சாமி ரூமைக்கூட காளிதாஸோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் வலது தோள் வம்பு பண்ண ஆரம்பித்தது. காலமெல்லாம் மைக்ரோஸ்கோப் முன்னால் கையைத் தூக்கியபடியே வேலை பார்த்த தோள் அது, சும்மா இருக்குமா? இறுகிப்போய்விட்டது. கை காதுக்கு மேலே போக மறுத்தது. இடது கையால் தலையில் எண்ணெய் வைத்துப் பார்த்தாள். பாதி எண்ணெய் கண்ணுக்குள் போனது. சரி, விடு என்று எண்ணெய்க் குளியலையே நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற ஜாதி இல்லை அவள்.

காளிதாஸ் அதற்குள் வேலையிலிருந்து நின்றுவிட்டார். வீட்டில் சும்மா இருக்கிற ஆம்பளைக்குக் கண் நாலாகிவிடும். ரெண்டு மூணு வெள்ளிக்கிழமை பார்த்தார். நாலாவது வெள்ளி, எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து நின்றார்.

“உட்காரு. நான் தேய்க்கிறேன்.”

“சீ! வயசான காலத்துல என்னங்க இது?”

“வயசான காலத்துலதான் தேய்க்கணும். வாலிபத்துல உன் கை நல்லாத்தானே இருந்துச்சு?”

முதல் நாள் அவர் தேய்த்த தேய்ப்பில் செல்லத்தின் கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. “லோரி டயரா கழுவுறீங்க? தலைங்க இது, தலை!” என்று கத்தினாள். போகப் போக மனுஷன் கற்றுக்கொண்டார். அவள் கைலியைக் கட்டிக்கொண்டு தொட்டியில் சாய்ந்திருப்பாள். அவர் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நிதானமாகத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே பேசுவார். சிங்கப்பூர்ப் பாலத்தில் எவ்வளவு நெரிசல், யார் வீட்டில் கல்யாணம், மார்க்கெட்டில் கெம்போங் மீன் என்ன விலை சொன்னான். கல்யாணமானதிலிருந்து லோரியிலேயே வாழ்ந்த மனுஷன், பெண்டாட்டியிடம் அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் பேசக் கற்றுக்கொண்டார் என்றால் நம்புவீர்களா? செல்லத்துக்கு எண்ணெயைவிட அந்தப் பேச்சுதான் குளிர்ச்சியாக இருந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வெள்ளி, காளிதாஸ் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். வரட்டும் என்று இவள் காத்திருந்திருக்கலாம். பிடிவாதம்! தனியாகவே எண்ணெயை வாரி அப்பிக்கொண்டு இறங்கினாள். எழுந்து வெளியே காலை வைக்கும்போது சர்ரென்று சறுக்கி, மணிக்கட்டு முறிந்தது.

ஷாமளா சிங்கப்பூரிலிருந்து ஓடி வந்தாள். கொஞ்சம் அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அங்கே கட்டட வேலை நடக்கிற இடத்தில் சேஃப்டி ஆபீசர். தலையில் தொப்பி போடாதவனைப் பார்த்தால் கிரேனையே நிறுத்திவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குச் சொந்த அம்மா வழுக்கி விழுந்தது எப்படி இருந்திருக்கும்! மாவுக்கட்டைப் பார்த்து அழுதாள். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

“இனிமே எண்ணெய் கிடையாது. கதவத் தாழ் போட்டுட்டு, தனியா, எண்ணெயோட அந்தத் தொட்டியில இறங்குறதா? விழுந்து கெடந்தா யாருக்கும்மா தெரியும்? இன்னொரு தடவ எண்ணெய் தேய்ச்சீங்கன்னு தெரிஞ்சுது, தொட்டிய ஒடச்சுப் போட்டுருவேன்.”

“தேய்க்க மாட்டேம்மா,” என்றாள் செல்லம்.

அந்த இடத்திலேயே, ‘தனியா இல்லடி, உங்கப்பா கூடவேதான் இருப்பார், அன்னைக்கு ஒரு நாள்தான் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எப்படிச் சொல்வாள்? பெற்ற மகளிடம் போய், பேரன் பேத்தி எடுக்கிற வயதில் உன் அப்பன் எனக்குத் தலை தேய்த்து விடுகிறார் என்று? மானம் போய்விடாதா? அதற்குப் பொறுப்பில்லாதவள் என்ற பேரே மேல் என்று வாயை மூடிக்கொண்டாள். காளிதாஸும் தொண்டையைச் செருமிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கட்டுப் பிரித்த அடுத்த வெள்ளியே ரெண்டு பேரும் பழையபடி தொட்டியடிக்குப் போய்விட்டார்கள். திருட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஜோடி மாதிரி.

இப்படியே ஓடியிருக்கும். தொட்டிதான் ஒத்துழைக்கவில்லை. எனாமல் தேய்ந்து மணல் தாள் மாதிரி சொரசொரத்தது. தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றித் துரு. ஓரத்தில் சில்லு பெயர்ந்து கறுப்பாக இரும்பு தெரிந்தது. ஒரு சனிக்கிழமை வந்த ஷாமளா குனிந்து பார்த்துவிட்டு, “போதும். எடுத்துடலாம். உட்கார்ந்து குளிக்கிற மாதிரி ஷவர் வச்சுக்கலாம்,” என்றாள்.

செல்லம் தொட்டியைப் பார்த்தாள். ஷவரில் சாய முடியுமா? ஷவரின் தலைமாட்டில் முக்காலி போட முடியுமா? ஆனால் வாய் திறந்து வேறு மாதிரி சொன்னாள். “ஒடச்சா டைல்ஸ் எல்லாம் பேந்துரும்லா. கீழ ஹாலுக்குத் தண்ணி ஒழுகும்.”

அது நியாயமான பேச்சாக இருந்ததால் ஷாமளா யோசித்தாள். பழைய தொட்டிக்கு மேலேயே அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் தொட்டியைப் பொருத்தி ஒட்டுகிறவர்கள் உண்டு என்று போனில் தேடிச் சொன்னாள். சட்டைக்கு மேல் சட்டை போடுகிற கதை. நடுவில் தண்ணீர் புகுந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று யாரோ எழுதியிருந்ததையும் அவளே படித்துவிட்டு, வேண்டாம் என்றாள். காளிதாஸ் விடுவாரா? ஹார்ட்வேர் கடையில் ஒரு பெயின்ட் டின் வாங்கிவந்து, நானே அடிக்கிறேன் என்று ஒரு மூலையில் அடித்துக் காட்டினார். மறுநாள் சுடுதண்ணீர் பட்டதும் அது பாலாடை மாதிரி கையோடு வந்தது. மிச்ச பெயின்டை வாசல் கேட்டுக்கு அடித்துத் தீர்த்தார்.

கடைசியில் நவ்சாத் என்று ஒருவனின் நம்பர் கிடைத்தது. ஜொகூர் பாருவில் ஹோட்டல் தொட்டிகளுக்கெல்லாம் புதுப்பூச்சு அடிக்கிறவன். தொட்டியை இருந்த இடத்திலேயே தேய்த்து, பள்ளத்தை அடைத்து, மெஷினால் வெள்ளைப் பூச்சு அடித்துக் காய வைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும், அடியில் சறுக்காமல் இருக்க சொரசொரப்பாக ஒரு பூச்சும் போடலாம் என்றான். அந்தச் ‘சறுக்காமல்’ என்ற வார்த்தைக்குத்தான் ஷாமளா இறங்கி வந்தாள்.

“சரி, தொட்டி இருக்கட்டும். ஆனா அம்மா, நான் சொன்னது சொன்னதுதான். எண்ணெய்னு தெரிஞ்சா தொட்டி வெளியில.”

“அதான் தேய்க்கிறதில்லன்னு சொல்றேன்ல,” என்றாள் செல்லம், சாமி படத்தைப் பார்க்காமல்.

நவ்சாத் வருகிற நாளுக்கு ஷாமளா லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். “பசியாறிட்டீங்களா தம்பி?” என்று செல்லம் கேட்க, அவன் ஒரு கோப்பை தேநீர் மட்டும் குடித்துவிட்டு மாடிக்கு ஏறினான். தொட்டியை விரலால் தடவிப் பார்த்தான். எழுந்து செல்லத்திடம் திரும்பினான்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். இதுல எண்ணெய் ஏதும் படுமா? தலைக்கு, ஒடம்புக்கு? பட்டிருந்தா சொல்லிடுங்க. தேய்ஞ்ச எனாமல் எண்ணெயக் குடிச்சு வச்சிருக்கும். அதுக்குன்னு தனி மருந்து இருக்கு, அதப் போட்டுத் தேய்க்கணும். இல்லன்னா மேல பூச்சு நிக்காது.”

பக்கத்தில் ஷாமளா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். செல்லம் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் விட்டத்தில் பல்லியை எண்ணிக்கொண்டிருந்தார்.

“எண்ணெயா? இந்த வீட்ல யாரு தம்பி எண்ணெய் தேய்க்கிறா. எல்லாம் ஷாம்புதான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் மறைத்தது அத்தனை வருஷத்து நல்லெண்ணெயை. ஹோட்டல் தொட்டிகளில் சோப்பையும் ஷாம்புவையும் மட்டுமே பார்த்துப் பழகிய நவ்சாத் அதை நம்பிவிட்டான். வழக்கமான மருந்தைப் போட்டுத் தேய்த்தான், துருவைச் சுரண்டினான், பள்ளத்தை அடைத்தான். முகமூடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே காற்றாடிக் குழாயை வெளியே விட்டு, எல்லாரையும் கீழே போகச் சொன்னான். பெயின்ட் நெடி அப்படி.

மூன்று பேரும் வாசலில் காடி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஷாமளா போனில் யாரையோ ஏணி விஷயமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். செல்லம் மனசுக்குள் மாரியம்மனோடு பேரம் பேசினாள். ஒட்டிடட்டும் தாயே, ஒரே ஒரு தடவை ஒட்டிடட்டும், உனக்கு எலுமிச்சம்பழ மாலை சாத்துகிறேன். காளிதாஸ் அவள் பக்கம் குனிந்து, “ஒண்ணும் ஆவாது,” என்று கிசுகிசுத்தார். அவர் குரலிலும் சுரத்தில்லை.

கொஞ்ச நேரத்தில் நவ்சாத் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கி வந்தான். முகத்தில் நல்ல கோபம்.

“அக்கா, கொஞ்சம் மேல வந்து பாருங்க. அலமாக், என் வேலையில இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல.”

மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் மேலே போனார்கள். தொட்டியின் உள்பக்கம் பளிச்சென்று வெள்ளை. ஆனால் சாய்கிற பக்கத்தில் மட்டும் பூச்சு ஒட்டாமல், தாமரை இலையில் தண்ணீர் மாதிரி விலகி விலகி ஓடியிருந்தது. விலகின இடத்தில் பழைய ரோஸ் தெரிந்தது. மேலே வட்டமாகத் தலை. அதற்குக் கீழே ரெண்டு தோள். நடுவில் முதுகு. வெள்ளைக்குள் ஒரு பொம்பளை ஆள் நிம்மதியாகச் சாய்ந்து படுத்திருக்கிற மாதிரியே இருந்தது.

“இது எண்ணெய்ங்க,” என்றான் நவ்சாத். “ஒரு நாள் ரெண்டு நாள் எண்ணெய் இல்ல.”

ஷாமளா அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஏம்மா, இன்னும் தேய்க்கிறீங்களா? கை ஒடிஞ்சும் புத்தி வரலயா? நான் அங்க வேலையில இருக்கும்போதெல்லாம் உங்கள நெனச்சுத்தாம்மா பயப்படுறேன். போன் எடுக்க லேட்டானா பாத்ரூம்ல விழுந்து கெடக்கிறீங்களோன்னு திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருக்கேன். தனியா, கதவச் சாத்திக்கிட்டு! யாரு வந்து தூக்குவா உங்கள? வேணாம். பாய், மேல அடிக்காதீங்க. நாளைக்கே ஆள் வச்சு இத எடுத்துடறேன்.”

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தொட்டி போகும். செல்லம் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

நவ்சாத்துக்கு இந்தக் குடும்ப வழக்கு எதுவும் தெரியாது. அவன் கவலை பூச்சுதான். “அது மட்டும் இல்லக்கா. இங்க விளிம்புலயும் ரெண்டு இடத்துல ஒட்டல பாருங்க. தலைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. சாஞ்சவங்களுக்கு இது எட்டாது. பின்னாலேருந்து யாரோ கைய ஊனுன மாதிரி இருக்கு.”

செல்லம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அது என் கைம்மா,” என்றார் காளிதாஸ்.

ஷாமளா அப்பாவைப் பார்த்தாள். மனுஷன் குற்றவாளி மாதிரி நின்றாலும் குரல் நேராக வந்தது. “உங்கம்மா தனியா குளிக்கல. நான்தான் தேய்ச்சு விடுவேன். முடிஞ்சு, கையப் புடிச்சு எறக்கி விட்டுட்டுத்தான் வெளிய போவேன். அன்னைக்கு ஒரு நாள் நான் இல்லாமப் போனேன், விழுந்துட்டா. அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமயும் நான் எங்கயும் போனதில்ல.”

“ஐயோ, சும்மா இருங்களேன்!” என்று செல்லம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “வெளியாளு முன்னாடி...”

அந்த வெளியாள் நல்ல மனுஷன். “நான் வேன்லேருந்து மருந்து எடுத்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு ரெண்டு ரெண்டு படியாக இறங்கிப் போய்விட்டான்.

“நீங்களா?” என்றாள் ஷாமளா. அவளுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே புரியவில்லை. “ஏம்ப்பா, அம்மாவுக்கு என்ன?”

“அவளுக்குத்தான் கை மேல போகாதே. தோள் புடிச்சுக்கிட்டு எத்தன வருஷமாச்சு.”

ஷாமளா அம்மாவின் கையைப் பார்த்தாள். எண்ணெய்க்குத் தடை போட்டாள், ஷவர் பார்த்தாள், சறுக்காத பூச்சு கேட்டாள். அம்மாவுக்குக் கை தலைக்கு எட்டாது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமைதோறும் வருகிறாள், சாப்பிடுகிறாள், போகிறாள். அம்மாவின் தலை எப்போதும் படிய வாரிப் பின்னித்தான் இருக்கும். யார் பின்னினார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்றது,” என்றாள் செல்லம் முந்தானைக்குள்ளிருந்தே. “வெக்கமா இருக்காதா?”

ஷாமளா போய் அம்மாவின் வலது தோளில் கையை வைத்தாள். அழுத்திக்கூடப் பார்க்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டாள். செல்லம் முந்தானையைக் கொஞ்சம் விலக்கி மகளைப் பார்த்தாள். ரெண்டு பேரும் அழுதார்கள். பெயின்ட் நெடி என்று காளிதாஸ் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நவ்சாத் மருந்து டின்னோடு படியேறி வந்து, வரலாமா என்று வாசலில் தயங்கினான். “அக்கா, எடுத்துடறதா, அடிக்கிறதா? சொல்லிட்டீங்கன்னா...”

“அடிங்க பாய்,” என்றாள் ஷாமளா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “எல்லாத்தயும் சுரண்டிட்டு, எண்ணெய் மருந்து போட்டுத் தேய்ச்சு, மொதல்லேருந்து அடிங்க. எறங்குற பக்கம் புடிச்சுக்கக் கம்பி ஒண்ணு வேணும்.” குனிந்து தொட்டியின் விளிம்பில், பூச்சு ஒட்டாத அந்த ரெண்டு இடத்தையும் காட்டினாள்.

“இங்க மட்டும் இன்னொரு பூச்சு சேத்து அடிங்க. இது இன்னும் ரொம்ப நாளைக்குத் தேயணும்.”